யின்ஹாங், கின்ஹாங், கிங்க்கோ: ஒரு சொல்லை வைத்து மூன்று அகராதிகளுக்கு ஒரு பரீட்சை

சிங்கப்பூர்த் தமிழில் டாலரை வெள்ளி என்போம். ‘அஞ்சு வெள்ளி இருக்கா?’ என்று கேட்டால் ஊரிலிருந்து புதிதாக வந்தவர் மட்டுமே ஒரு கணம் விழிப்பார். சீனர்களும் வங்கிக்குப் பெயர் வைத்தபோது வெள்ளியைத்தான் பிடித்தார்கள். வங்கியைக் குறிக்கும் சீனச் சொல்லில் இரண்டு எழுத்து: முதலாவது வெள்ளி, இரண்டாவது வணிக நிலையம். ஜப்பானியரும் அதே இரண்டு எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். 1872இல் ஜப்பான் கொண்டுவந்த தேசிய வங்கிச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் உண்டு. மறு ஆண்டு திறந்த முதல் தேசிய வங்கிக்குக் காரணமான ஷிபுசாவா எய்ச்சியின் முகம் 2024 முதல் பத்தாயிரம் யென் தாளில் இருக்கிறது.

எழுத்து ஒன்றானாலும் வாய் வேறு. மாண்டரினில் யின்ஹாங். இனித் தென்சீன மொழிகள்: ஹோக்கியனில் கின்ஹாங், சில ஊர் வழக்கில் குன்ஹாங். கேண்டனீஸில் ஙன்ஹோங். ஹக்காவில் ஙியுன்ஹோங். கொரியாவில் உன்ஹேங், வியட்நாமில் ஙன்ஹாங். ஜப்பானில் கிங்க்கோ. ஹோக்கியன், ஜப்பானிய வடிவங்களின் முதல் கி, ‘கிரிஜா’வில் வரும் கி, ‘கிளி’யில் வருவதன்று. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது என்பதால் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், உயர்நிலைப் பள்ளியில் ஜப்பானியத்தை மூன்றாம் மொழியாக எடுத்த பிள்ளை, சீன வாடிக்கையாளர்கள் வரும் முகப்பில் உட்காருபவர் ஆகியோருக்கு இந்த ஒலிக் குழப்பம் அன்றாடத் தொல்லை. கைப்பேசியில் செலவில்லாமல் கிடைக்கும் மூன்று அகராதிகளிடம் இந்த ஒரே சொல்லைக் கொடுத்துப் பார்க்கலாம்: பிளெக்கோ, ஜிஷோ, ஆங்கில விக்சனரி. மூன்றும் விளக்கம் தருவது ஆங்கிலத்தில்தான். ‘வங்கி’யைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் இரண்டாவது எழுத்து. அகராதியின் தரத்தை அது இரண்டே நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

பிளெக்கோ சீனத்துக்கான செயலி. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் உண்டு, இணையம் இல்லாமலும் ஓடும். எம்ஆர்டி சுரங்கத்தில் சிக்னல் போனாலும் கவலையில்லை. மாண்டரின் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினாலே சொல் வந்து நிற்கும். எழுத்து மட்டும் தெரிந்து ஒலி தெரியாவிட்டால் விரலால் திரையில் எழுதலாம். சொல்லின் ஒவ்வோர் அசைக்கும் தொனிக்கு ஏற்ற நிறம் தருவது இதன் சிறப்பு. யின், ஹாங் இரண்டும் ஏறும் தொனியான இரண்டாம் தொனி, ஆகவே இரண்டும் ஒரே நிறத்தில் தெரியும். படமெடுத்து எழுத்தை அறியும் வசதிக்குப் பணம் கட்ட வேண்டும். பலகை படிப்பதுதான் முதன்மைத் தேவை என்றால் வாங்கலாம். மற்றவர்களுக்குக் கையெழுத்து உள்ளீடே போதும்.

நிறுவியவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பெரும்பாலோர் செய்வதில்லை. கூடுதல் அகராதிகள் பகுதிக்குப் போய் சிசி-கேண்டோ என்ற இலவசக் கேண்டனீஸ் அகராதியை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு அமைப்பில் மொழிகள் பகுதியைத் திறந்து, கேண்டனீஸ் உச்சரிப்பையும் காட்டச் சொல்லுங்கள். இப்போது யின்ஹாங்கின் பக்கத்திலேயே ஙன்ஹோங்கும் வரும். இந்த ஒரு மாற்றம் செய்தால் பிளெக்கோவின் பயன் இரட்டிப்பாகும். ஏன் என்பது பின்னால் தெரியும். ஹோக்கியன், தியோச்சியூ ஒலிகளை இதில் தேட வேண்டாம். சிங்கப்பூரின் கோப்பிக் கடைப் பேச்சுக்கு அது பெரிய இழப்புதான். ஜப்பானியமும் இதன் வேலை இல்லை.

இரண்டாவது எழுத்தைத் தனியாகத் தட்டிப் பார்த்தால் பிளெக்கோவின் நேர்த்தி புரியும். ஹாங் என்று ஒரு பதிவு: வரிசை, தொழில், வணிக நிலையம். ஷிங் என்று வேறு பதிவு: நட, செல், செய். ஒரே ஆறு கோட்டு எழுத்து, பொருளுக்கு ஏற்ப இரண்டு ஒலி. ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்பவர்கள் கவனிக்க: இயந்திரக் குரல் முழுச் சொல்லைப் பெற்றால் ஒழுங்காகச் சொல்லும். எழுத்தைத் தனியாகக் கொடுத்தால் ஏதோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். கைப்பேசியின் பொதுவான வாசிப்புக் குரல்களுக்கும் இதே நோய் உண்டு. எப்போதும் முழுச் சொல்லைக் கொடுத்தே கேளுங்கள்.

ஜிஷோ ஜப்பானியத்துக்கானது. இணையதளமாக இயங்குகிறது, செலவில்லை, ஆனால் இணைய இணைப்பு கட்டாயம். இதன் அடித்தளத் தரவு, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய அகராதித் திட்டத்திலிருந்து வருவது. ஆங்கிலச் சொல், ஜப்பானிய ஒலி, எழுத்து எதைத் தட்டினாலும் தேடும். எழுத்தின் உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தும் தேடலாம்.

வங்கியின் இரண்டாவது எழுத்தை இங்கே தட்டினால் ஜப்பானிய வாசிப்புகள் இரண்டு குவியலாக வரும். ஒன்று சீன ஒலியிலிருந்து வந்த ஒன் வாசிப்பு: கோ, கியோ, அன். மற்றது ஜப்பானியத்தின் சொந்தச் சொல்லை எழுத்தின் மேல் ஏற்றிய குன் வாசிப்பு: இக்கு, யுக்கு, ஒக்கொனாவு. தேடல் பெட்டியில் முதலில் ஓர் உடுக்குறி (*), அடுத்து அந்த எழுத்து என்று தட்டுங்கள். அந்த எழுத்தில் முடியும் சொற்கள் வரிசையாக வந்து விழும். கோ எங்கே, கியோ எங்கே என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மூன்று அகராதிகளில் இந்தத் தேடலுக்கு ஜிஷோவை விஞ்ச ஆளில்லை. பள்ளி மாணவர்களுக்கு வேண்டிய தேர்வு நிலை, கோட்டு வரிசை, அன்றாடப் பயன்பாடு எல்லாம் உண்டு. சொல்லின் ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டாது. கிங்க்கோவில் முதல் அசை தாழ்ந்து மற்றவை உயர்ந்து நேராகப் போகும் என்பதை வேறிடத்தில்தான் அறிய வேண்டும்.

ஜிஷோ வாசிப்புகளைக் கொடுக்கிறதே தவிர, ஒரே எழுத்துக்கு ஏன் மூன்று சீன ஒலி என்று சொல்வதில்லை. மாணவர் தடுக்கி விழும் இடம் இதுதான். மாண்டரினில் ‘பயணம்’ லுய்ஷிங், ‘ஆன்மிகப் பயிற்சி’ ஷியூஷிங். இரண்டிலும் ஷிங். ஜப்பானியத்தில் முன்னது ரியோகோ, பின்னது ஷுகியோ. மாண்டரினில் ஹாங், ஷிங் என்று பிரிந்த வங்கியும் பயணமும் ஜப்பானியத்தில் கோ என்று ஒன்றாகி நிற்கின்றன. மாண்டரினில் ஒன்றாக இருந்த பயணமும் பயிற்சியும் ஜப்பானில் பிரிந்துவிட்டன. மாண்டரின் தெரிந்தவர் ‘எனக்கு ஜப்பானிய எழுத்து சுலபம்’ என்று தொடங்கி மூன்றாம் வாரத்தில் தலையைச் சொறிவது இதனால்தான்.

மாண்டரின் பொருளை வைத்து ஒலியைப் பிரித்தது. ஜப்பானியமோ காலத்தை வைத்துப் பிரித்தது. தமிழருக்கு இது புதிதன்று. இலக்குமி, லட்சுமி, லெச்சுமி மூன்றும் ஒரே பெயர்தானே? வேறு வேறு காலத்தில், வேறு வேறு வாய் வழியாக வந்து, மூன்றும் மூன்று பேரின் அடையாள அட்டையில் தனித்தனியாக உட்கார்ந்துவிட்டன. ஜப்பானிலும் அப்படியே. முதலில், ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் தென்சீன ஒலி வந்தது. அது கோ-ஒன், இந்த எழுத்துக்குக் கியோ. பௌத்தச் சொற்களில் அதுவே தங்கியது. பயிற்சி ஷுகியோ ஆனது அதனால். பிறகு சீனாவின் தாங் அரசின் தலைநகர் ஒலி வந்தது. அது கன்-ஒன், இந்த எழுத்துக்குக் கோ. வங்கியும் பயணமும் அதில் சேர்ந்தன. கடைசியாக ஜென் துறவிகளும் வணிகரும் கொண்டுவந்தது தோ-ஒன், அதன்படி அன். தாள் ஒட்டிய விளக்குக்கு அந்தொன் என்று பெயர். டொயோட்டா உற்பத்தி முறையைப் பின்பற்றும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரிந்த சொல்தான்: கோளாறு வந்தால் எரியும் விளக்குப் பலகை. அதன் முதல் எழுத்தும் வங்கியின் இரண்டாவது எழுத்தும் ஒன்றே.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டுவது விக்சனரி ஒன்றுதான். எழுத்தின் பக்கத்தைத் திறந்து ஜப்பானியப் பகுதிக்கு இறங்கினால் கோ-ஒன், கன்-ஒன், தோ-ஒன் என்று வகை பிரித்தே போட்டிருக்கும். சீனப் பகுதியின் உச்சரிப்புப் பெட்டியை விரித்தால் மாண்டரின், கேண்டனீஸ், ஹக்கா, ஹோக்கியன், தியோச்சியூ, பல நூற்றாண்டுக்கு முந்தைய சீனத்தின் ஊகிக்கப்பட்ட ஒலி எல்லாம் கிடைக்கும். ஹோக்கியனில் எந்த ஊர் எப்படிச் சொல்கிறது என்பதுவரை பிரித்திருப்பார்கள். சில சொற்களுக்குச் சிங்கப்பூர், பினாங்கு வழக்கும் உண்டு. ஜப்பானியச் சொற்களுக்கு ஏற்ற இறக்கக் குறியும் பல இடங்களில் இருக்கிறது.

குறை பயன்படுத்தும் விதத்தில்தான். ஒற்றை எழுத்துப் பக்கங்கள் முழ நீளம். கைப்பேசியில் சுருங்கிக் கிடக்கும் பகுதிகளில் வேண்டியதைத் தேடி விரிக்க வேண்டும். உச்சரிப்புப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்ன விரிப்புக் குறியை அழுத்தாதவர்கள் பாதித் தகவலைப் பார்க்காமலே போய்விடுவார்கள். இன்னொன்று: சிங்கப்பூரில் புழங்கும், கோடுகளைக் குறைத்த எளிய எழுத்தில் தேடினால் விக்சனரி முழுப் பதிவைத் தராது; பழைய எழுத்தின் பக்கத்துக்குப் போகச் சொல்லி ஒரு பெட்டி காட்டும். பதிவே இல்லை என்று நினைத்து மூடிவிட வேண்டாம். பெட்டியில் இருக்கும் இணைப்பைத் தட்டினால் எல்லாம் அங்கே இருக்கும்.

எளிய எழுத்துச் சிக்கலைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், தேடல் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். சிங்கப்பூர் 1969இல் 502 எளிய எழுத்துகளோடு தொடங்கி, 1976க்குள் சீனாவின் பட்டியலோடு ஒத்துப்போனது. ஜப்பான் 1946இல் தன் வழியில் சில எழுத்துகளின் கோடுகளைக் குறைத்தது. வெள்ளி எழுத்துக்குப் பழைய வடிவில் 14 கோடு, எளிய வடிவில் 11. ஜப்பான் இதில் கைவைக்கவில்லை, 14 கோட்டையே வைத்துக்கொண்டது. சிங்கப்பூர்ச் சீன நாளிதழில் இருப்பது 11 கோட்டு எழுத்து. பேட்டரி ரோட்டில் சீன வங்கியின் (பேங்க் ஆஃப் சைனா) பெயரைப் பார்த்தால் அதன் முத்திரை எழுத்துகள் பழைய வடிவில்.

ஆகவே பலகையிலிருந்து எடுத்த எளிய எழுத்தை அப்படியே ஜிஷோவில் ஒட்டாதீர்கள். முதலில் பிளெக்கோவில் ஒட்டுங்கள். அது எளிய வடிவத்துக்குப் பக்கத்தில் பழைய வடிவத்தையும் காட்டும். பழையதை நகலெடுத்து ஜிஷோவுக்குக் கொண்டுபோங்கள். ‘வங்கி’க்கு இது போதும். ‘நூலகம்’ போன்ற சொல்லுக்குப் போதாது. அதன் முதல் எழுத்து சிங்கப்பூரில் ஒன்று, தைவானில் ஒன்று, ஜப்பானில் மூன்றாவது ஒன்று. அங்கே ஒலியை வைத்துத் தேடுவதே குறுக்குவழி: மாண்டரின் துஷுகுவான், ஜப்பானியம் தொஷொகன்.

எழுத்து சரியாக இருந்தும் வடிவம் விநோதமாகத் தெரிந்தால் அது அகராதியின் பிழையன்று. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோட் சீன, ஜப்பானிய எழுத்துகள் பலவற்றுக்கு ஒரே குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது. எந்த நாட்டு வடிவம் தெரியும் என்பதைக் கைப்பேசியின் எழுத்துரு முடிவு செய்யும். ‘எலும்பு’ எழுத்தில் உள்ளே இருக்கும் சிறு மூலை சீனாவில் ஒரு பக்கம், ஜப்பானில் மறுபக்கம். கைப்பேசி அமைப்பில் மொழிப் பட்டியலுக்குப் போய், ஜப்பானியம் படிப்பவர் ஜப்பானியத்தைச் சீனத்துக்கு மேலே வைத்தால் சரியாகும். எழுத்துப் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் செய்து கொடுங்கள். இல்லாவிட்டால் தப்பான வடிவத்தைப் பார்த்து எழுதி மதிப்பெண் இழப்பார்கள்.

இனி, கேண்டனீஸை ஏன் இறக்கச் சொன்னோம் என்பது. ஒரு சொல்லின் மாண்டரின் ஒலியிலிருந்து ஜப்பானிய ஒலிக்குத் தாவுவது கடினம். தென்சீன ஒலியிலிருந்து தாவுவது எளிது, தமிழ்க் காதுக்கு இன்னும் எளிது. மூன்று அகராதிகளும் ஒலிகளை அடுக்குகின்றன. அவற்றுக்கு இடையே உள்ள பாதையைச் சொல்வதில்லை. பாதை இதுதான்.

சொல்லின் முதலில் இருந்த ஙகரம் மாண்டரினில் உதிர்ந்துபோனது. கேண்டனீஸின் ஙன், ஹோக்கியனின் கின், ஜப்பானின் கின் எல்லாம் பழைய ஒலியின் மிச்சம். மாண்டரின் யின் மட்டும் முகம் மாறியது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்துக்குப் போகிறவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். நீ சூன் என்பது லிம் நீ சூன் என்ற தொழிலதிபரின் பெயர், தியோச்சியூ ஒலி. அதே இரண்டு எழுத்தை மாண்டரினில் படித்ததும் யீஷுன், அதாவது ஈசூன் ஆனது. அதன் முதல் எழுத்தை ஜப்பானியர் கி என்பார்கள், கிரிஜாவின் கி. வெள்ளிக்கு நேர்ந்ததே நீ சூனுக்கும் நேர்ந்தது.

ஹாங் எப்படிக் கோ ஆனது? அந்தக் காலத்து ஜப்பானிய வாயில் ஹகரம் இல்லை. மஹாவை மகா என்றும், மோஹனை மோகன் என்றும் நாம் எழுதியது போல, அவர்களும் ஹகரத்துக்குக் ககரத்தைப் போட்டார்கள். ஈற்றில் இருந்த ங் நெடிலாக நீண்டது. ஹகரத்தை மாற்றி, ஈற்றை நீட்டினால் ஹாங் கோவாகிவிடும். ஹான் சீனர் என்பதில் உள்ள ஹான், ஜப்பானில் கன் ஆனதும் இப்படித்தான்.

ஈற்றில் க் வந்தால் இன்னும் வேடிக்கை. ‘நாடு’ என்ற எழுத்து ஹோக்கியனில் கொக். மாண்டரின் அந்த ஈற்றெழுத்தைத் தொலைத்துவிட்டு குவோ என்றது. ஜப்பானியர் கொக்கு என்றார்கள். பேங்க்கைப் பேங்கு என்றும், செக்கைச் செக்கு என்றும் சொல்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மெய்யில் நிறுத்த முடியாத வாய் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ‘கல்வி’ எழுத்து கேண்டனீஸில் ஹொக், ஜப்பானில் ககு. அதோடு கோ சேர்ந்து பள்ளிக்கூடம் ஆகும்போது ககுகோ என்று வராது, கக்கோ. உகரம் கழன்று வல்லினம் இரட்டிக்கிறது. புணர்ச்சி படித்தவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

சில எழுத்துகளில் உகரத்துக்குப் பதில் இகரம் சேரும். சிங்கப்பூரின் பீஷான் வட்டாரத்தின் பெயரில் அது இருக்கிறது. 1870இல் தொடங்கிய பெக் சான் தெங் இடுகாட்டின் பெயரில் உள்ள பெக் சான்தான் மாண்டரினில் பீஷான். முதல் எழுத்தின் ஜப்பானிய வாசிப்பு ஹெக்கி. பெக்கில் க் இருந்தது, பீயில் இல்லை, ஹெக்கியில் மீண்டும் தெரிகிறது. கோப்பித்தியாமின் தியாம் மகர ஈற்றை வைத்திருக்க, மாண்டரின் தியென்னும் ஜப்பானியத் தென்னும் அதை னகரமாக்கிவிட்டன.

இந்தப் பாதை குன் வாசிப்புக்குப் பொருந்தாது. ‘கை’, ‘தாள்’ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து ஜப்பானியர் தெகமி என்பார்கள், கடிதம் என்று பொருள். மாண்டரினில் ஷோவ்ஜி, கழிவறைத் தாள். ஒலியும் உறவில்லை, பொருளும் உறவில்லை. ஜிஷோவில் ஒரு வாசிப்பு குன் குவியலில் இருந்தால் சீன ஒலியைக் கொண்டு ஊகிக்கும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

யாருக்கு எது என்றால்: மாண்டரின் மட்டும் வேண்டியவருக்குப் பிளெக்கோ போதும், விக்சனரி பக்கமே போக வேண்டாம். ஜப்பானியம் தொடங்கும் மாணவருக்கு முதல் ஆண்டில் ஜிஷோ. வாசிப்புகள் குழம்பத் தொடங்கும்போது மட்டும் அந்த ஓர் எழுத்துக்கு விக்சனரியைத் திறக்கலாம். இரண்டு மொழியையும் சேர்த்துப் படிப்பவருக்கு விக்சனரிதான் முதன்மை. தோற்றம் கரடுமுரடு என்றாலும் மூன்றில் அறிவாளி அதுவே. மொழிபெயர்ப்புச் செயலிகளை இந்த வேலைக்கு நாட வேண்டாம். அவை ஒரு வாசிப்பைச் சொல்லிவிட்டுப் போகும், மற்றவை இருப்பதாகவே காட்டாது.

எந்த அகராதியிலிருந்து எடுத்தாலும், தமிழில் குறித்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் கிங்க்கோ. ஜப்பானியர் இதை நான்கு சம அளவாக எண்ணுவார்கள்: கி, ன், கோ, அதன் நீட்சி. நம் கணக்கில் ஒற்றுக்கு அரை மாத்திரை. அங்கே முழு மாத்திரை. ஒற்றை விழுங்கினால் சொல் புரியாது. அடுத்து, ‘கின்கோ’ என்று எழுதினால் கிளியின் கி-யும் கிரிஜாவின் கி-யும் ஒன்றாகிவிடும். ‘கிங்கோ’ என்று எழுதினால் தமிழர் வாய் இரண்டாவது ககரத்தையும் மெலிதாக்கிவிடும். ஒற்று இரட்டித்து ‘கிங்க்கோ’ என்று எழுதி, முதல் கி-யின் கீழ் ஒரு கோடு போட்டுவிடுங்கள், ஓவை நீட்டிச் சொல்லுங்கள். ஏனென்றால் முதல் எழுத்தைக் கிளியின் கி-யாகச் சொல்லி ஓவையும் குறுக்கினால் அது கின்கொ, பணப் பெட்டகம். பெட்டகம் எங்கே இருக்கிறது என்று டோக்கியோவில் விசாரிப்பவரை யாரும் வங்கிக்கு அழைத்துப் போக மாட்டார்கள்.